பக்கத்து வீட்டில் அடி விழும்போது: முதல் தட்டிலிருந்து கடைசி வாய்தா வரை

எங்கள் வளவில் ஆறு வீடுகள். நடுவில் ஒரு அடிபம்பு. வீட்டுக்கு வீடு ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கேட்டது கரண்டி விழுந்த சத்தம் இல்லை. நான் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அந்த வீட்டுக்காரி தார்சாவில் உட்கார்ந்து, மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வலது ஆள்காட்டி விரல் வீங்கி நீலம் பாரித்திருந்தது. அந்த விரலை மட்டும் மடக்காமல் நீட்டிக்கொண்டு, மற்ற விரல்களாலேயே இலையை உருட்டினாள். சாயங்காலம் பீடிக்கடையில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “கதவு இடிச்சிட்டு மயினி” என்றாள். “பாத்து இருக்கக் கூடாதா தாயி” என்றேன். அவள் எனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள். நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

அந்த ராத்திரி நான் இருந்த இடத்தில் இன்றைக்கு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதன் பிறகு அவளோடும் வேறு சில பெண்களோடும் ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், கோர்ட் என்று அலைந்து தெரிந்துகொண்டவை இவை.

வீரம் என்று எதைச் சொல்கிறோம்

நம் திருநெல்வேலிச் சீமையில் வீரக்கதைக்குக் குறைவில்லை. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைத்தால் இசக்கியம்மன் கதையை விடிய விடியப் பாடுவார்கள். நம்பி வந்தவளை நகைக்காகக் கொன்றுபோட்டவன் முன்னால், செத்துப்போன அவளே கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டு வந்து நிற்பாள். அந்த இடத்தில் அழாத பெண் கிடையாது. கொல்லப்பட்டவளுக்குப் பொங்கல் வைக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. உயிரோடு இருப்பவளுக்குத் துணையாக நிற்கத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

2019 ஆகஸ்டில் கடையம் பக்கம் வயதான தம்பதி ஒன்று, அரிவாளோடு வீடு புகுந்த முகமூடித் திருடர்களைப் பிளாஸ்டிக் நாற்காலியாலும் செருப்பாலும் அடித்து விரட்டியதைக் கேமராப் பதிவில் நாடே பார்த்தது. அந்த அம்மாள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தூக்கி வீசினார். அந்த வருடம் சுதந்திர தினத்தன்றே மாநில அரசு இருவருக்கும் விருது கொடுத்தது. பார்க்கும்போது எனக்கும் புல்லரித்தது. ஆனால் கேமரா இல்லாத வீட்டுக்குள், கட்டியவனே அடிக்கும்போது, இரண்டு நிமிடத் துணிச்சல் போதாது. அங்கே வேண்டியது இன்றைக்கும் வந்து, அடுத்த வாரமும் வந்து, எட்டாவது மாதமும் வரக்கூடிய ஒரு ஆள்.

வளவில் இருக்கும் இளவட்டங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். “ரெண்டு சாத்து சாத்துனா அடங்கிருவான்” என்று கிளம்பாதீர்கள். உங்களுக்கு நல்ல மனசுதான். ஆனால் நீங்கள் அவனுக்குக் கொடுத்த அடியை, நீங்கள் போன பிறகு அவளுக்குத்தான் அவன் திருப்பிக் கொடுப்பான். மறுநாள் உங்கள் பேரில் ஒரு புகார் வரும். “இவனுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்” என்ற கேள்வி அவள் தலையில் விழும். நம் ஊரில் இதோடு சாதியும் சேர்ந்துவிட்டால் அவள் பிரச்சினை காணாமல் போய், இரண்டு தெருவின் பிரச்சினையாகிவிடும்.

கதவைத் தட்டுவது

சத்தம் கேட்கிறது. தனியாகப் போகாதீர்கள், ஒரு ஆச்சியையாவது கூட்டிக்கொள்ளுங்கள். கதவைத் தட்டி, சண்டையைப் பற்றிப் பேசாமல் வேறு ஏதாவது கேளுங்கள். “மயினி, கொஞ்சம் உறைமோர் இருக்கா?” “உங்க வீட்ல கரண்ட் இருக்கா, எங்களுக்குப் போயிட்டு.” “மோட்டார் போட்டியளா, தொட்டி நிரம்பி வழியுது.” ஓங்கின கை அந்த நேரத்தில் இறங்கும். வெளியே ஆள் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கதவைத் திறந்தால் உடனே திரும்பிவிடாமல் கொஞ்ச நேரம் நின்று பேசுங்கள்.

அரிவாள், கத்தி, மண்ணெண்ணெய் என்று ஏதாவது கண்ணில் பட்டாலோ, “கொன்னுருவேன்” என்று கேட்டாலோ தட்டப் போகாதீர்கள். 112-க்குப் போன் போடுங்கள். தெருப் பெயர், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது ரேஷன் கடை, வீட்டில் குழந்தைகள் உண்டா, கையில் ஆயுதம் உண்டா, இந்த நான்கையும் முதலில் சொல்லிவிடுங்கள். மற்றதை அவர்கள் கேட்பார்கள். 181 பெண்களுக்கான உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள். குழந்தை என்றால் 1098.

“நாம போன் பண்ணி, நாளைக்கு நம்ம மேல கேஸ் வந்தா?” என்று எல்லோரும் கேட்பார்கள். 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, யார் வேண்டுமானாலும், இதற்கென்று அரசு வைத்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அவளோடு பேசுவது

அவன் வேலைக்குப் போன நேரம் பாருங்கள். தண்ணீர் பிடிக்கும் இடம், பீடிக்கடைக்கு நடக்கும் வழி, குழுக்கூட்டம் முடிந்து திரும்பும் பாதை, இவையெல்லாம் நல்ல இடங்கள். “நேத்து எனக்குக் கேட்டுச்சு. நீ எப்பச் சொன்னாலும் நான் வாரேன்” என்ற அளவுக்குப் போதும். “ஏன் இன்னும் அங்கன இருக்க?” என்று கேட்காதீர்கள். அதை அவள் ஆயிரம் தடவை தன்னைத்தானே கேட்டிருப்பாள். “பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோ” என்றும் வேண்டாம், “இன்னைக்கே கிளம்பு” என்றும் வேண்டாம். எப்போது கிளம்புவது என்பதை அவள்தான் கணக்குப் போட முடியும். பெண் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம்தான் பெரிய ஆபத்தான நேரம். அவனுடைய கோபத்தின் அளவு அவளுக்குத்தான் தெரியும். முதல் தடவை “ஒண்ணுமில்ல மயினி” என்பாள். கோபித்துக்கொள்ளாமல் அடுத்த வாரமும் அதே இடத்தில் இருங்கள். என்னிடம் வாயைத் திறக்க அவளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

ஒரு கேள்வியை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: “கழுத்தைப் பிடிச்சானா?” கழுத்தை நெரித்தவன் அடுத்த தடவை கொல்லவும் கூடியவன். வெளியே தடம் தெரியாமலே உள்ளே வீங்கும். குரல் கம்மியிருந்தால், எச்சில் விழுங்க முடியவில்லை என்றால், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிதான். “செத்துப் போயிரலாம்போல இருக்கு” என்று அவள் சொன்னால் பேச்சுக்குச் சொன்னதாக எடுக்காதீர்கள். அவளைத் தனியாக விடாமல் 104-க்கு உங்கள் போனிலிருந்து பேசுங்கள்.

ஒரு துணிப்பை

ஆதார், ரேஷன் கார்டு, பாங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகையும் ஒரு போட்டோவும், நகை வாங்கிய ரசீது, பீடித் தொழிலாளி என்றால் அந்த அட்டை, பி.எஃப். தாள். அசல் கிடைக்காவிட்டால் நகலாவது. இதெல்லாம் ஒரு பையில் அவள் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். எங்கள் வீட்டு அரிசி டின்னில் ஒரு பை பல மாதம் கிடந்தது.

மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வருகிறதென்றால், ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அவன் கையில் என்றால் பாங்குக்குப் போய்ப் பழைய கார்டை நிறுத்தி வேறு வாங்க வேண்டும், பாங்க் கணக்கில் கொடுத்திருக்கும் போன் நம்பரையும் மாற்ற வேண்டும். கையில் காசில்லாமல் எப்படிக் கிளம்புவது என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அது எந்த ஊர்வரை போகும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் சொல்லும் ஒரு வரி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் நான் தவறு செய்த இடம் இது.

அந்த விரல் வீங்கி ஏழெட்டு மாதம் கழித்து அவளுக்கு மண்டை உடைந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். “எப்படியாச்சு?” என்று டாக்டர் கேட்டார். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “பம்படியில வழுக்கி விழுந்துட்டேன்” என்றாள். டாக்டர் அப்படியே எழுதினார். நான் வாய் திறக்கவில்லை. பிற்பாடு கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துப் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் அடிதடிக் காயத்தோடு போனால் ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். அதை ஏ.ஆர். என்பார்கள். யார், எப்போது, எங்கே, எதைக் கொண்டு அடித்தார் என்று அவள் சொல்வது அதில் ஏறும். அதனால் அவனை உள்ளே வர விடாதீர்கள். “பொம்பளை நோயாளி, டாக்டர் சோதிக்கணும், ஆம்பளைங்க வெளிய இருங்க” என்று நர்சைச் சொல்லச் சொன்னால் சொல்வார்கள். அப்புறம் அவளே தன் வாயால் சொல்லட்டும்: “என் வீட்டுக்காரர், நேற்று ராத்திரி பத்து மணிக்கு, வீட்டில் வைத்து, உலக்கையால்.” ஏ.ஆர். போட்டாயிற்றா என்று கேட்டு, எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய காயமென்றால் ஹைகிரவுண்டுக்கு, அதாவது பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே போய்விடுவது நல்லது. வண்டி இல்லை என்றால் 108.

காயத்தைப் போட்டோ எடுங்கள். முகம் தெரிய ஒன்று, காயத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. கன்றிப்போன இடம் மூன்றாம் நாள்தான் நன்றாகத் தெரியும், அன்றைக்கும் எடுங்கள். எடுத்த போனிலிருந்து அழிக்காதீர்கள், யாருக்கும் குரூப்பில் அனுப்பாதீர்கள்.

பாலியல் வன்முறை என்றால் குளிக்க வேண்டாம், துணி மாற்ற வேண்டாம். மாற்றிவிட்டால் அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். தனியார் ஆஸ்பத்திரியும் காசு வாங்காமல் சிகிச்சை கொடுத்தாக வேண்டும். போலீஸ் வரட்டும் என்று காக்க வைக்கக் கூடாது. பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் தடை செய்திருக்கிறது; யாராவது செய்ய வந்தால் மறுக்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் அது போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே அதில் குற்றம்.

ராத்திரி எங்கே தங்குவது

பிறந்த வீடு என்று உடனே சொல்லிவிடுவோம். சில நேரம் பிறந்த வீட்டுக்காரர்களே மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். “வாழாவெட்டி” என்ற சொல்லுக்கு அவ்வளவு பயம். அரசாங்கத்தின் ஒருங்கிணைந்த சேவை மையம் ஒன்று மாவட்டத்தில் உண்டு. சகி என்றும் சொல்வார்கள். ஐந்து நாள்வரை தங்கலாம், பிள்ளைகளும் கூட இருக்கலாம். சட்ட ஆலோசனை, மனநல ஆலோசகர், போலீஸ் உதவி எல்லாம் அங்கேயே. 181-ல் கேட்டால் வழி சொல்வார்கள். அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் காப்பகத்துக்கு அனுப்புவார்கள்.

1901-ல் இந்தச் சீமையில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று, தன்னைக் கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்டி விடப்போகிறார்கள் என்று தப்பி ஓடி எமி கார்மைக்கேல் என்ற கிறிஸ்தவ மிஷனரியிடம் வந்து சேர்ந்தது. அவர் திருப்பி அனுப்பவில்லை. குழந்தைகளுக்கான டோனாவூர் இல்லம் அதிலிருந்து தொடங்கியதுதான். ஒரு ராத்திரி பாய் விரித்துக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சாதி மாறி விரும்பியதற்காக மிரட்டல் என்றால் உறவுக்காரர் வீடு எதுவும் பத்திரமில்லை, பெரியம்மை வீடு உட்பட. அந்தப் பிள்ளைகளை நேரே எஸ்.பி. அலுவலகத்துக்கோ கமிஷனர் அலுவலகத்துக்கோ கொண்டுபோங்கள். ஆணவக் குற்றத்தைத் தடுக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டிருக்கிறது. பாதுகாப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, நகலில் முத்திரை வாங்குங்கள்.

ஸ்டேஷனில்

மனுவை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள், இரண்டு பிரதி. கல்யாணமான நாளிலிருந்து தொடங்க வேண்டாம். கடைசியாக நடந்ததை முதலில் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், எதைக்கொண்டு, என்ன சொல்லி அடித்தான், யார் பார்த்தார்கள். பழையது அதற்குப் பின்னால். நீங்கள் கூடப் போய் உட்காருங்கள், பேச்சை அவளிடம் விடுங்கள்.

மகளிர் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியாக வேண்டும். எல்லை அவர்களுடையது இல்லையென்றால் பதிவு செய்து அனுப்பி வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில் இது தெளிவாக இருக்கிறது. புருஷனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கான பழைய 498-ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு. குடும்பத் தகராறு என்றால் பெரும்பாலும் முதலில் சி.எஸ்.ஆர். என்று, மனு வாங்கியதற்கான ரசீது கொடுத்து விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அந்த ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் இலவசம். வாங்க மறுத்தால் அதே மனுவை மாநகருக்குள் கமிஷனருக்கும், வெளியே எஸ்.பி.க்கும் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்.

விசாரணை அன்று “சேர்ந்து வாழ எழுதிக் கொடு” என்பார்கள். ஊர்க்கூட்டத்திலும் இதையேதான் சொல்வார்கள். பெரியவர்கள் மனசு கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்குத் தெரிந்த தீர்ப்பு அது ஒன்றுதான். அவள் மனதார விரும்பினால் எழுதட்டும். ஆனால் இனி அடித்தால் என்ன என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும், அவன் கையெழுத்தும் வேண்டும், ஒரு நகல் அவளிடம் வேண்டும். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

ஜெயில் வேண்டாம், அடிக்காமல் இருந்தால் போதும்

நான் கூடப்போன பெண்களில் பாதிப் பேர் சொன்னது இதைத்தான். இதற்கென்றே இருப்பது முன்னே சொன்ன 2005 சட்டம். அதில் மனுக் கொடுத்ததும் அவனைப் பிடித்து உள்ளே வைக்க மாட்டார்கள். அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். அவளை அந்த வீட்டிலிருந்து துரத்த முடியாது, வீடு மாமனார் பேரில் இருந்தாலும் அவள் அங்கே குடியிருக்கக் கேட்கலாம். செலவுக்குப் பணம், பிள்ளைகள் பொறுப்பு, நஷ்டஈடு எல்லாம் ஒரே மனுவில். உத்தரவை மீறினால்தான் ஒரு வருடம்வரை சிறை அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், இரண்டும்கூட. மனைவி மட்டுமில்லை, தாய், அக்கா, தங்கை, கல்யாணம் பதியாமல் சேர்ந்து வாழ்பவளும் கேட்கலாம். மாமியார், நாத்தனார் பேரிலும் கொடுக்கலாம்.

பாதுகாப்பு அலுவலர் சமூக நலத்துறையில் இருப்பார். எங்கே என்று தெரியாவிட்டால் திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு நின்றால் அனுப்பி வைப்பார்கள். தென்காசி, தூத்துக்குடிக்காரர்களுக்கு அவரவர் கலெக்டர் ஆபீஸ். புருஷன் வீடு வள்ளியூர், அவள் இப்போது இருப்பது சங்கரன்கோவிலில் அம்மா வீட்டில் என்றால், சங்கரன்கோவில் பக்கத்துக் கோர்ட்டிலேயே போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் கொடுக்கும். கோர்ட் வளாகத்திலேயே அவர்கள் அலுவலகம் இருக்கும். போன் 15100.

பஸ்ஸில் கை வைப்பவனைப் பற்றி ஒரு வார்த்தை. 1998-லிருந்து தமிழ்நாட்டுக்கென்று தனிச்சட்டம் இருக்கிறது. பெண் புகார் சொன்னால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியைப் பக்கத்து ஸ்டேஷனுக்கு விட வேண்டும். அவள் சத்தம் போடும்போது நீங்கள் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்று, “கண்டக்டர், வண்டிய ஸ்டேஷனுக்கு விடுங்க” என்று சொன்னால் போதும்.

வாய்தா நாள்கள்

மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுக்கும். ஜட்ஜ் லீவு, அவன் வரவில்லை, அவன் வக்கீல் அவகாசம் கேட்டார். முதல் வாய்தாவுக்கு அவளோடு ஏழு பேர் வருவார்கள். நான்காவதுக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். அன்றைக்கு வராந்தாவில் எதிர்ப்பக்கம் அவன் அண்ணன் தம்பிகளோடு நிற்பான், இவள் தனியாக நிற்பாள். அங்கே உடைந்துபோய்த்தான் நிறையப் பெண்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள். அதனால் நீங்கள் போவதற்கு நான்காவது, ஐந்தாவது வாய்தாக்களைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு தூக்குவாளியில் சோறு கட்டிக்கொள்ளுங்கள், பெயர் கூப்பிட மதியம் தாண்டிவிடும். பீடி சுற்றுபவளுக்கு ஒரு நாள் போனால் ஆயிரம் பீடிக் கூலி போயிற்று. முந்தின ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் சுற்றிக் கொடுத்தால் கணக்குக் குறையாது. எங்கள் வளவில் அப்படித்தான் செய்கிறோம். இலை வெட்டத் தெரியாத நான் நூல் கட்டுகிறேன்.

அவளுடைய அந்த விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. போன மாதம் கோர்ட்டிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பீடிக்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த தேதியை எழுதினாள்.

“மயினி, பதினேழாந்தேதி. உங்களுக்கு ஒழியுமா?”

“ஒழியும். ஆறரை வண்டிக்குப் போயிருவோம்” என்றேன்.